பிலோமினா டீச்சர் இரண்டாம் முறை வராத வீடு

செய்தியைக் கொண்டுவந்த சின்னப்பன் எங்கள் வாசற்படி ஏறவில்லை. நிலையில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் சைக்கிளைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றுவிட்டார். நம் பள்ளியில் மணியடிக்கும் சின்னப்பனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளி இருக்கும் ஆஸ்டின் டவுனிலிருந்து நாங்கள் இப்போது இருக்கும் ஒக்கலிபுரம் வரை வெயிலில் மிதித்து வந்திருந்தார்.

"பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்காம்மா?" என்றார்.

ஆமாம், இன்னும் தலைக்குத் தண்ணீர் விடவில்லை என்றேன். அப்படியானால் தான் வந்த விஷயத்தைச் சொல்லாமலே போய்விடுகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினார். சொல்லிவிட்டுப் போங்கள் என்று நான் வற்புறுத்தியதும் என் முகத்தைப் பார்க்காமல் ரயில்வே மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிலோமினா டீச்சர் தவறிட்டாங்க. காலையில எழுந்திருக்கல. அம்மை இருக்கற வீடு, நீங்க வர வேணாம். தெரிஞ்சுக்கணுமேன்னுதான் வந்தேன்."

உள்ளே போய்ச் சுமதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொப்புளங்களைச் சொறிந்துவிடாமலிருக்க அவள் கைகளில் துணி சுற்றியிருந்தேன். அதை அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினேன். அழுகை வரவில்லை. அம்மை இருக்கும் வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்ற வழக்கம் அன்று எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

நினைவு மலருக்கு எழுதும்படி நீங்கள் கேட்டபோது குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டேன். அம்மை இறங்கிய பிறகும் தள்ளிப்போட்டேன். மற்றவர்கள் எழுதியவற்றைப் படித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பினீர்கள். அவருடைய பொறுமை, பக்தி, கணக்குச் சொல்லித் தரும் அழகு எல்லாம் அவற்றில் இருந்தன. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவர் வாக்குக் கொடுத்துத் தவறியதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதை விட்டுவிட்டு என்னால் அவரை நினைக்க முடியாது. ஆகவே தாமதமாக, அச்சுக்குப் போகிற நேரத்தில் எழுதுகிறேன்.

திட்டம் என்ற சொல் எல்லார் வாயிலும் புரண்டுகொண்டிருந்த வருஷங்கள் அவை. அணைக்குத் திட்டம், ஆலைக்குத் திட்டம் என்பதுபோலப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பள்ளியில் என்ன குறை, அதற்கு என்ன ஆதாரம், எப்படிச் சீர்செய்யப் போகிறீர்கள் என்று விவரம் திரட்டி எழுத வேண்டும். நம் குறை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தமிழ்ப் பிரிவில் மூன்றாம் வகுப்பு வரை நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் பாதியாகிவிடுவார்கள். காரணம் மட்டும் ஆளுக்கொன்று. சிலேட்டும் புத்தகமும் இல்லாததுதான் காரணம் என்று தலைமையாசிரியை நம்பினார். நாம் பெரிய டீச்சர் என்று அழைத்தவர் அவர். பெற்றோர்களின் அறியாமை என்றார்கள் சிலர்.

விவரம் திரட்டும் வேலையை மூன்றாம் வகுப்பு பிலோமினா டீச்சரிடமும் நான்காம் வகுப்புக்காரியான என்னிடமும் பெரிய டீச்சர் ஒப்படைத்தார். பிலோமினா டீச்சர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர், என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். நான் பி.ஏ., அதுவும் பொருளாதாரம். புள்ளிவிவரம் எனக்குத் தெரியும் என்று பெரிய டீச்சருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

ரிஜிஸ்டர்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து வகுப்புவாரியாக, மாதவாரியாகச் சராசரி போட்டேன். கோடு கிழித்து, அழகான பட்டியலாக எழுதி, ஆசிரியைகள் அறையில் எல்லோர் முன்னாலும் பிலோமினா டீச்சரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு கமலா. இந்தச் சராசரிப் பொண்ணு யாரு? கொஞ்சம் கூப்பிடு, பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மறுநாள் அவர் செய்து காட்டியதைப் பார்த்தபோது கோபம் போய்விட்டது.

இரண்டு வகுப்புப் பெண்களையும் வராந்தாவில் நிறுத்தினார். வீட்டில் தவழுகிற வயதில் குழந்தை உள்ளவர்கள் கிணற்றுப் பக்கம் போகலாம், இல்லாதவர்கள் கொடிக்கம்பத்துப் பக்கம் என்றார். ஏதோ விளையாட்டு என்று ஓடினார்கள். பிறகு ரிஜிஸ்டரைப் பார்த்து, போன மாதம் ஒழுங்காக வந்தவர்களின் பெயரைப் படித்து உட்காரச் சொன்னார். கொடிக்கம்பத்துப் பக்கம் ஏறக்குறைய எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். கிணற்றுப் பக்கம் பெரும்பாலோர் நின்றுகொண்டே இருந்தார்கள். அந்தப் பக்கத்திலும் ஒரு சிறு கூட்டம் மட்டும் உட்கார்ந்திருந்தது. அவர்கள் யார் என்று டீச்சர் என்னைக் கேட்டார். பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு குழந்தை இருந்தது.

மலரைப் படிக்கும் வெளியாருக்காக இதைச் சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கு வரும் பெண்களின் தாய்மார்கள் விடியற்காலையில் பங்களா வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுவார்கள். கைக்குழந்தை மூத்தவளின் இடுப்புக்கு வந்துவிடும். அந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தால் எந்த டீச்சரும் திருப்பியனுப்புவதில்லை. எப்போது தொடங்கிய வழக்கமோ தெரியாது. பெஞ்சுக்கு அடியில் துணி விரித்துத் தூங்கப் போடுவார்கள். வாய்ப்பாடு சொல்லும் சத்தத்தில் அதுகள் சுகமாகத் தூங்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் சின்னப்பன் மணியைத் துண்டு துண்டாக இரண்டு தரம் தட்டுவார். உடனே பெரிய பெண்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு பின்வாசல் வழியாக மாதா கோயில் சாமியார் பங்களாவின் சமையற்கட்டுக்குப் போய்விட வேண்டும்.

என் சுமதிக்கும் அந்த வழக்கத்தில் பங்கு இருந்தது. அவள் அப்போது பால் குடிக்கும் குழந்தை. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. காலையில் என் மாமியார் பார்த்துக்கொள்வார். முதல் இடைவேளையில் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போவார். ஆசிரியைகள் அறையில் உத்தரத்திலிருந்து ஒரு தூளி தொங்கியது. அழுதால் அந்த நேரம் யாருக்கு வகுப்பு இல்லையோ அவர் எடுத்துக்கொள்வார். எல்லோரையும்விட அதிகம் எடுத்தவர் பிலோமினா டீச்சர். தோளில் போட்டுக்கொண்டே போர்டில் பின்னக் கணக்குப் போடுவார். அவர் கழுத்துச் சிலுவையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பாள் என் பெண். "சாப்பிடட்டும், விடு. சேசு ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பார்.

வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். பிள்ளைகளிடம் ஏன் வரவில்லை என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில், காய்ச்சல். "ஏன்னு கேட்டா பொய்தான் வரும் கமலா. யாரா இருந்தாலும் அப்படித்தான். நேத்து என்ன பண்ணேன்னு கேளு, நெசம் தானா வந்து விழும்." அதனால் எங்களிடம் இருந்தவை இரண்டே கேள்விகள். நேற்று உங்கள் வீட்டுக் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் உண்டா?

கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஒத்திகை மாதிரி அந்தக் கேள்விகளை முதலில் என்னிடமே கேட்டார். நேற்று யார் பார்த்துக்கொண்டார்கள்? மாமியார் என்றேன். வேறு ஆள் உண்டா? மாமியார்தான் இருக்கிறாரே என்றேன். "அப்ப நீ கொடிக்கம்பத்துப் பக்கம் போய் உக்காரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வேடிக்கையை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காலம் முழுவதும் மாலை வேளைகளில் சந்து சந்தாக அலைந்தோம். ஒரு முறை கேட்டதோடு அவர் விடமாட்டார். போன மாதம் பாட்டி பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்ன வீட்டுக்கு இந்த மாதமும் போவார். பாட்டி ஊருக்குப் போயிருப்பாள், அல்லது படுத்திருப்பாள். "கணக்கு பழசாயிடும். மறுபடி போய்க் கேக்கணும்" என்பது அவருடைய இன்னொரு பேச்சு. எனக்குக் கால் வலிக்கும், பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும், வீட்டில் சுமதி அழுகிறாளோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனாலும் போனேன். அந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டிருந்தது.

அஞ்சலையின் வீட்டில் நடந்ததுதான் இவ்வளவுக்கும் மூலம். அவள் கட்டட வேலைக்காரி. அவளுடைய மூத்த பெண் பட்டு, பிலோமினா டீச்சரின் வகுப்பில் கணக்கில் முதலாக வருபவள். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தாள். நாங்கள் கேட்டதற்கெல்லாம் அஞ்சலை பதில் சொன்னாள். கடைசியில், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அவள் ஒன்று கேட்டாள்.

"இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி, நாளைக்குக் கொழந்தயத் தூக்கிட்டு வராதேன்னு சொல்லிட்டீங்கன்னா? அப்புறம் எம்பொண்ணு வூட்டோட நின்னுடுவா டீச்சரம்மா."

பிலோமினா டீச்சர் கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்தார். "இது மேல ஆணை அஞ்சலை. கொழந்தைங்க வகுப்புக்கு வர்றது எழுத்துல வராது." நான் பக்கத்தில் நின்றேன். அந்த வாக்கில் எனக்கும் பங்கு இருப்பதாக நினைத்தேன். என் குழந்தையும் அந்தக் குழந்தைகளில் ஒருத்திதானே.

அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதினோம். குழந்தைகள் வகுப்பில் இருப்பதைச் சொல்லாமல், 'வீட்டுப் பொறுப்புகளால் பெண் பிள்ளைகளின் வருகை பாதிக்கப்படுகிறது' என்ற வாக்கியத்தோடு நிறுத்துவது என்று பேசி முடித்தோம். கேட்பதற்குப் பெரிய மனிதர் பேச்சுப்போல இருக்கிறது, ஒன்றும் புரியாது, அதனால் ஆபத்தும் இல்லை என்று அவரே கேலி செய்தார். கடைசிப் பக்கத்தை நல்லபடி எடுத்தெழுத வேண்டிய அன்று சுமதிக்குக் காய்ச்சல். நான் எழுதி முடித்துக் கொடுத்துவிடுகிறேன், நீ குழந்தையைப் பார் என்று என்னை அனுப்பிவைத்தார். அந்த அன்பை அன்று நான் சந்தேகிக்கவில்லை.

அறிக்கை போன பிறகு இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். சின்னப்பன் மணியைத் தட்டினார், குழந்தைகள் பின்வாசலுக்குப் பறந்தன. பட்டுவின் தம்பி மட்டும் போர்டுக்குப் பின்னால் விட்டுப்போய், வாயில் சாக்பீஸோடு இன்ஸ்பெக்டரின் ஷூ வரை தவழ்ந்து வந்துவிட்டான். யார் இது என்று கேட்டார். பிலோமினா டீச்சர் கண் இமைக்காமல், "புது அட்மிஷன் சார். வயசு கொஞ்சம் கம்மி" என்றார். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் குழந்தையின் வாயிலிருந்து சாக்பீஸைத் தானே எடுத்துப் போட்டார். நல்ல மனிதர் என்று நாமெல்லோரும் அன்று பேசிக்கொண்டோம்.

அதே நல்ல மனிதர்தான் சில வாரங்கள் கழித்து ஆசிரியைகள் கூட்டத்தில் நம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்தார். வகுப்புகளுக்குக் கைக்குழந்தைகள் கொண்டுவரப்படுகின்றன என்றும், அப்படிக் கொண்டுவரும் பெண்களே தவறாமல் வருகிறார்கள் என்றும், ஆகவே பள்ளி வளாகத்தில் ஒரு கொட்டகையும் ஓர் ஆயாவும் தேவை என்றும் அதில் இருந்தது. பிலோமினா டீச்சரின் நடை. எனக்குத் தெரியாத நடையா? அவர் அதற்கு முன் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

கொட்டகைக்கும் ஆயாவுக்கும் இப்போது வழியில்லை என்று பதில் வந்துவிட்டதாம். ஆனால் பள்ளி வயது எட்டாத எந்தக் குழந்தையும் பள்ளி நேரத்தில் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. ஆசிரியைகளின் குழந்தைகளும் அடக்கம். இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடுதான் சொன்னார். கன்னடம் கலந்த அவர் தமிழில், "கண்ணுல பாத்தத நான் மறந்துடலாம் மேடம். கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தத எப்படி மறக்கறது?" என்றார். உத்தரத்தில் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. சுமதி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அதைப் பார்க்காமலிருக்க மேஜையைப் பார்த்தார்கள். பிலோமினா டீச்சர் மட்டும் தூளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் எழுதினீர்கள் என்று அவரை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். அன்றே படிக்கட்டில் வைத்துக் கேட்டபோது, "எழுதினாத்தானே ஆயா கேக்க முடியும்? ஒளிச்சு வெச்சு எத்தனை காலத்துக்கு ஓட்டறது?" என்றார். மறுவாரம் கேட்டபோது, வெறும் வாக்கியம் போதாது என்று பெரிய டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மூன்றாம் தடவையைப் பின்னால் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில். அஞ்சலைக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று கேட்டதற்கு மட்டும் மூன்று தடவையும் பதில் இல்லை.

பெரிய டீச்சர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலியில் பிலோமினா டீச்சர் உட்கார்ந்தார். துணிந்து உண்மையை எழுதியவர் என்று நிர்வாகத்தில் நல்ல பேர் என்று கேள்வி. அந்த நாற்காலிக்காகத்தான் எழுதினார் என்று அப்போது நான் சொன்னேன். உங்களில் சிலரிடம் சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன், ஆனால் அன்று சொன்னதை முழுக்கத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அடுத்த மாதமே என் ஓரகத்தியின் பிரசவத்துக்காக மாமியார் சேலம் போய்விட்டார். பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வருவேன். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கும் ஆயிரம் வேலை. ஒரு நாள் மாலை போனபோது நனைந்த துணியோடு முற்றத்தில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அன்றிரவே நெஞ்சில் சளி கட்டி இழுக்க ஆரம்பித்தது. அந்த மூச்சுச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவள் சாதாரணமாகத் தும்மினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அவள் தேறியதும் ராஜினாமா எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்பக் காரணங்கள்' என்று போட்டேன்.

கடிதத்தை வாங்கிப் படித்தார் தலைமையாசிரியை பிலோமினா. அப்போதுதான் மூன்றாம் தடவை கேட்டேன். "நான் எழுதலன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க கமலா" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் காய்ச்சல் என்று சொன்னால் நம்பாதவர், வீட்டுப் பொறுப்பு என்ற வாக்கியத்தைக் கேலி செய்தவர், என் குடும்பக் காரணம் என்ன என்று கேட்கவில்லை. நேற்று உன் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. அதன் பிறகு என் கணவரின் ஆபீசுக்குப் பக்கம் என்று ஒக்கலிபுரம் வந்துவிட்டோம். டீச்சரை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் சுமதியோடு வந்திருந்தேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவளுக்கு அப்போது தலைக்குத் தண்ணீர் விட்டாகிவிட்டது, இனிச் சொல்லிக்கொள்ளச் சாக்கு இல்லை. கோயிலின் கடைசித் தூணருகில், இடுப்பில் ஒரு புதுக் குழந்தையோடு அஞ்சலை நின்றிருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எளச்சிட்டீங்களே டீச்சரம்மா. இதுவா ஒங்க பொண்ணு? தூளியில கெடந்துதே." பட்டு ஏழாவது படிக்கிறாள் என்றாள். எனக்குப் புரியவில்லை. குழந்தையை உள்ளே விடாவிட்டால் வீட்டோடு நின்றுவிடுவாள் என்று சொன்னவள் அவள்தானே. எப்படி என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். உத்தரவு வந்த மறுநாள் விடியற்காலையில் பிலோமினா டீச்சர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். "வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்துட்டேன் டீச்சரம்மா. சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய்யாக்கிட்டியே, நீயெல்லாம் ஒரு டீச்சரான்னு கேட்டேன். கொழந்தயத் தூக்கி இடுப்புல வெச்சிக்கிட்டு, எங்கக்கா வீட்டுல சும்மாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டு நடந்துட்டாங்க."

கோயிலுக்குப் பின்சந்தில் டீச்சரின் வீட்டை உங்களில் பலர் அறிவீர்கள். விதவையான அவருடைய அக்கா லூர்தம்மாள் அங்கே அவரோடு இருந்தார். பட்டுவின் தம்பி அங்கே போனான். அவனைத் தொடர்ந்து மற்ற வீட்டுக் குழந்தைகள், பிறகு அவற்றின் தம்பி தங்கைகள். மணியடிப்பதற்கு முன் கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளி விட்டதும் எடுத்துக்கொண்டு போவார்களாம். தலைமையாசிரியை என்பதால் யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

"பருவத்துக்கு ஒரு தரம் எங்க சந்துல வீடு வீடா வருவாங்க" என்றாள் அஞ்சலை. "இப்ப யாரு பாத்துக்கறாங்க, வேற ஆளு இருக்கான்னு கேட்டுட்டுப் போவாங்க. ஆளு இல்லன்னா மறுநாள் கொழந்த அங்க இருக்கும். ஒங்களுக்குத் தெரியாதா? மொதல்ல நீங்க ரெண்டு பேருந்தானே ஒண்ணா வந்தீங்க."

இதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நெகிழவில்லை. அவர் வாக்கை மீறியபோது ஏற்பட்டதைவிடப் பெரிய வலி அப்போதுதான் ஏற்பட்டது. ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் அந்த வீட்டில் இடம் இருந்திருக்கிறது. இரண்டு தெரு தள்ளி, முற்றத்தில் நனைந்து கிடந்த என் குழந்தைக்கு மட்டும் இல்லை. அவர் தோளில் தூங்கிய குழந்தை, அவர் சிலுவையைச் சப்பிய குழந்தை.

பூசையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அதற்கு விடை கிடைத்தது. ஒத்திகையில் நான் சொன்ன பதில். கமலா வீட்டில் மாமியார் இருக்கிறார், கமலா கொடிக்கம்பத்துப் பக்கம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவர் என்னை விட்டுவிட்டார். அவருடைய கணக்குப்படி அது சரி. ஆனால் கணக்கு பழசாகிவிடும் என்று சொன்னவர் அவர்தானே? சந்து சந்தாகத் திரும்பத் திரும்பப் போனவருக்கு எங்கள் வாசல் மட்டும் எப்படி விட்டுப்போனது? நான் முகம் கொடுத்துப் பேசாததால் வரவில்லையா, படித்தவள் வீட்டில் எப்படியும் வழி இருக்கும் என்று நினைத்துவிட்டாரா, திட்டு வாங்க அஞ்சலை வாசலுக்குப் போக முடிந்தவருக்கு என் வாசலுக்கு வரத் துணிச்சல் இல்லையா, தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை. ஏன் என்று கேட்டால் என்ன வரும் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

கோயில் வாசலில் அஞ்சலையை விட்டுப் பிரிவதற்கு முன் நான் ஒன்று கேட்டேன். திட்டமிட்டுக் கேட்கவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. நேற்று இந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இடுப்பில் இருந்ததை அவள் மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "பட்டுதான். லூர்தம்மாவ அவங்க மகன் தங்கவயலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. வீடு பூட்டிக் கெடக்கு. இந்த மாசம் முச்சூடும் பட்டு வூட்லதான் நிக்கறா."

நினைவு மலர்க் கூட்டத்தில் அவருடைய படத்தைப் பெரிதாக்கி வராந்தாவில் மாட்டுவது பற்றிப் பேசினீர்கள். மாட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வராந்தாவில்தான் அவர் பெண்களை இரண்டு பக்கமாக நிறுத்தினார். ஆனால் படத்துக்குக் கீழே கிணற்றுப் பக்கம் மறுபடி காலியாகப் போகிறது. பட்டுவில் தொடங்கிவிட்டது. அந்த உத்தரவு பழைய கணக்கின் மேல் போட்டது. மறுபடி போய்க் கேட்டு, மறுபடி எழுதலாம். இந்தத் தடவை கொட்டகையும் ஆயாவும் கிடைத்த பிறகு, குழந்தைகளை வகுப்புக்குக் கொண்டுவருவதைப் பற்றி எழுதலாம், அதற்கு முன் வேண்டாம். அவர் செய்த தவறிலிருந்து அதையாவது நாம் கற்றுக்கொள்ளலாம். சனிக்கிழமைகளில் சுமதியைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்துகளுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். எனக்குத் துணைக்கு யாராவது வந்தால் நல்லது. குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் வேகமாக நடக்க முடியவில்லை.

பிலோமினா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை அந்த இரண்டு கேள்விகள்தான். அவரை மன்னித்துவிட்டுத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வாசலிலும் அவற்றைக் கேட்கும்போது, என் வாசலில் இரண்டாம் முறை அவை கேட்கப்படவில்லை என்பதும் கூடவே வருகிறது. கேட்டிருந்தால் பதில் அப்போதே தயாராக இருந்தது. நேற்று யாரும் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, டீச்சர். எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை.